போர்வெல் தண்ணீர் மஞ்சளானதற்கும் பின்னால் இருந்த வயல் மனையானதற்கும் சம்பந்தம் உண்டா?

கீதா, மேடவாக்கம்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009 இல் மேடவாக்கம் பக்கம் 18 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் வீடு வாங்கி வந்தோம். போர் 110 அடி. அப்போது தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் பருப்பு வேகும். என் மாமியாருக்குத் தெரிந்த தண்ணீர்ப் பரிசோதனை அது ஒன்றுதான். துவரம்பருப்பு மலர்ந்து வெந்தால் நல்ல தண்ணீர், கல்லாக நின்றால் உப்புத் தண்ணீர்.

இப்போது பருப்பும் வேகவில்லை, வேறு கூத்தும் நடக்கிறது. வாளியில் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர் அரை மணி நேரத்தில் மஞ்சளாகிறது. மேலே எண்ணெய் போல ஒரு ஏடு. மழை பெய்த மறுநாள் சாக்கடை வாடை. குளியலறைத் தரை செம்மண் தரையாகிவிட்டது. பேனா மாதிரி இருக்குமே, கரைந்த உப்பை அளக்கும் அந்த டி.டி.எஸ். மீட்டர், அது 2012 இல் 520 காட்டியது. போன வாரம் 1,180.

எங்கள் பின்பக்கம் 2010 வரை நெல் வயல். அப்புறம் சில வருடம் தரிசாகக் கிடந்து மாடு மேய்ந்தது. இப்போது அங்கே அறுபதுக்கும் மேல் வீடுகள். ஒவ்வொரு மனைக்கும் லாரி லாரியாக மண் கொட்டி, எங்கள் மதில் பாதி உயரத்துக்கு அவர்கள் தரை வந்துவிட்டது. பாதாளச் சாக்கடை இன்னும் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

வருகிற ஞாயிறு சங்கக் கூட்டம். மூன்று தீர்மானங்கள். போரை 350 அடிக்கு இறக்குவது. தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் பெரிய சாஃப்ட்னர் வாங்குவது. பக்கவாட்டில் மிச்சமிருக்கும் ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) மண் தரைக்குப் பேவர் பிளாக் போடுவது (சேறு, கொசு, குழந்தைகள் வழுக்கி விழுகிறார்கள்). மூன்றாவதை மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் கூடாது என்று எழுந்து நின்று சொல்லத் தெரியவில்லை. வயல் போனதற்கும் எங்கள் தண்ணீருக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா, இல்லை நானாக முடிச்சுப் போடுகிறேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரவி டி

மேடம், இதற்கெல்லாம் மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாங்கள் 400 அடி போட்டோம், ஒரு வருடம் நன்றாக வந்தது, அப்புறம் அதுவும் இதே மஞ்சள். இப்போது லாரித் தண்ணீர்தான். சென்னையில் கடைசியில் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்போம்.

---

நீர்க்கட்டி மகன்

அம்மா, உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் பருப்புதான் மீட்டர்.

என் அப்பா நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறந்து, யாருக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பிரித்துவிடுகிற வேலை. அறுவடையில் களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள், அதுதான் சம்பளம். எந்த ஏரி என்று சொன்னால் அதன் ஆயக்கட்டில், அதாவது அது பாசனம் தந்த நிலத்தில், வீடு கட்டியிருப்பவர்கள் என்னுடன் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடலாம். நான் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து, நில அளவராக ஓய்வு பெற்றவன். ஆக, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை அப்பா காட்டினார். அந்த இடம் காகிதத்தில் யார் பெயருக்கு எப்படி மாறும் என்பதை உத்தியோகம் காட்டியது.

உங்கள் கேள்விக்குப் பதில், ஆம். முடிச்சு நீங்கள் போட்டதில்லை, இருந்த முடிச்சுதான்.

உங்கள் பக்கத்து ஏரிகள் தனித்தனி ஏரிகள் அல்ல. செம்பாக்கம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் நன்மங்கலத்துக்கு வரும். அது நிரம்பினால் கீழ்க்கட்டளை, அப்புறம் நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைக் கழுவெளி, அதாவது சதுப்பு நிலம். இப்படிப் பல சங்கிலிகள். சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழை அந்தக் கழுவெளிக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைப் பார்க்கிறது. கழுவெளி ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2022 இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது எல்லை காட்டியது 1,247 ஹெக்டேர். போன மிச்சம் எங்கே என்று கேட்டால் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதாவது ஒரு மாடியில் ஏறிச் சுற்றிப் பாருங்கள்.

ஏரி தண்ணீரைத் தேக்கி வைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீரைத் தெளிய வைத்ததும் ஏரிதான் என்பதை யாரும் பேசுவதில்லை. ஐப்பசி மழையில் மேட்டிலிருந்து செங்காவியாக ஓடி வரும் தண்ணீர் முதல் ஏரியில் நிற்கும். மண் அடியில் படியும். கோரையும் சம்பும் நின்ற ஓரங்களில் இன்னும் கொஞ்சம் வடியும். அடுத்த ஏரிக்குப் போகும்போது பாதித் தெளிவு. எங்கள் ஏரி கலங்கலில் விழும் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்திருக்கிறேன். இன்று அதே இடத்தில் கை வைக்க மாட்டேன்.

ஏரியை விடுங்கள், வயலுக்கு வாருங்கள். ஒரு ஏக்கர் நஞ்சையில் அரை அடித் தண்ணீர் நின்றால் 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஐம்பது. வரப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற அந்த ஒரு முழ மண்தான் ஐம்பது லாரித் தண்ணீரை நிறுத்தி வைத்தது. அதில் கொஞ்சம் வெயில் குடிக்கும், கொஞ்சம் பயிர் குடிக்கும், களிமண்ணாக இருந்தாலும் நாளுக்குக் கொஞ்சமாகக் கீழே இறங்கும், மிச்சம் அடுத்த வயலுக்குப் போகும். உங்கள் 110 அடி போருக்குத் தண்ணீர் தந்தது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். பூமிக்கு அடியில் எங்கோ ஆறு ஓடுகிறது, ஆழமாகப் போனால் பிடித்துவிடலாம் என்று போர்க்காரர் சொல்வதை நம்பாதீர்கள். உங்கள் பகுதியில் மேலே களிமண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அப்புறம் கரும்பாறை. பாறையில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். அந்த வெடிப்புக்கும் மேலே இருந்துதான் இறங்கி வர வேண்டும்.

இப்போது அதே ஏக்கரில் வீடு, சிமெண்ட் முற்றம், சிமெண்ட் தெரு. பெய்த மழை அன்று மாலையே தெருவுக்கு வந்துவிடும். வெள்ளம் ஏன் என்று கேட்பவர்களுக்கு 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்த 49 சென்டிமீட்டரைக் காட்டுவார்கள். அது உண்மைதான், அவ்வளவு மழையை எந்த ஊரும் தாங்காது. ஆனால் 10 சென்டிமீட்டருக்கே உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அதற்கு மழையைக் குறை சொல்ல முடியாது.

மேலே இருந்து நல்ல தண்ணீர் இறங்குவது நின்றது. ஆனால் இறங்குவது நிற்கவில்லை. அறுபது வீட்டுக் கழிவுத் தொட்டியும் வருடம் முழுக்க இறக்கிக்கொண்டிருக்கிறது. முன்பு மழை வந்து அதைக் கரைத்து நீர்க்கச் செய்யும். இப்போது கரைக்க ஆள் இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். மஞ்சளுக்கு என்ன காரணம் என்று ஆய்வகத்துக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் நடைப்பயிற்சி போகும் ஏரி சித்திரை மாதத்தில் எப்படி இருக்கிறது? ததும்ப ததும்ப இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எங்கள் காலத்தில் சித்திரையில் ஏரி காய வேண்டும். காய்ந்து வெடித்த தரையில் மாடு மேயும், வண்டலை வண்டி கட்டி வயலுக்கு அள்ளுவார்கள். வெயிலும் காற்றும் பட்டு அடிச்சேறு உலர்ந்து நாற்றம் போகும். கோடையிலும் நிரம்பி நிற்கும் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழை இல்லை. ஆயக்கட்டு இல்லாததால் மதகு திறப்பதும் இல்லை. வருவது வீட்டுச் சாக்கடை. அதனால்தான் ஆகாயத்தாமரை. விரால் போய் ஜிலேபிக் கெண்டை வந்ததும் அதனால்தான். சுற்றிலும் நடைபாதையும் கம்பி வேலியும் போட்டு ஏரியைச் சீரமைத்தாயிற்று என்பார்கள். நான் முதலில் பார்ப்பது வரத்துக் கால்வாயை. அதில் மே மாதம் என்ன ஓடுகிறது என்று பார்த்தால் ஏரியின் ஜாதகம் தெரிந்துவிடும்.

உங்கள் பேவர் பிளாக் விஷயம். சென்னையில் வருடத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு கிரவுண்ட் இடத்தில் அது 3 லட்சம் லிட்டருக்கு மேல். அத்தனையும் இறங்கிவிடாது. ஆனால் 18 வீட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே திறந்த வாய் அது. இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும் என்று ஒப்பந்ததாரர் சொல்வார். கீழே ஜல்லியும் மணலும் மட்டும் போட்டால் கொஞ்சம் இறங்கும்தான். பெரும்பாலும் ஆட்டம் காணக்கூடாது என்று சிமெண்ட் படுக்கை போட்டு அதன் மேல் ஒட்டிவிடுவார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சர்வே எண்ணுக்குக் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் (அந்த எண்ணுக்கு மட்டுமான நில அளவைப் படம்) எடுத்துப் பாருங்கள். புலப்படம் இணையத்திலேயே கிடைக்கும். வாய்க்கால் எந்தப் பக்கம் போனது என்று அதில் இருக்கும்.

---

பாலாஜி, பெரும்பாக்கம்

ஐயா, நீங்கள் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த "அந்தக் காலத்தில் எல்லாம் அமிர்தம்" பேச்சு எனக்குச் சரிப்படவில்லை. வயலில் யூரியா போடவில்லையா? பூச்சிமருந்து அடிக்கவில்லையா? அதுவும் கீழேதானே இறங்கியது?

நான் பட்டா பார்த்து, அங்கீகாரம் பார்த்து, வங்கி வக்கீல் சரி சொன்ன பிறகு 20 வருடக் கடனில் வாங்கிய மனை. மிக்ஜாம் புயலில் நான்கு நாள் மொட்டை மாடியில் இருந்தோம். என் மனையும் ஒரு காலத்தில் தாங்கல், சிற்றேரி என்று இப்போது ஒருவர் வந்து சொல்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? திநகரே ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஊர்தான். மேற்கு மாம்பலத்தில் இன்னமும் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்கை எங்கே காணோம்? அங்கே இருப்பவர்களை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்வதில்லை. நூறு வருடம் கழித்து வந்த நாங்கள்தான் குற்றவாளியா?

---

நீர்க்கட்டி மகன்

தம்பி, யூரியா பற்றி நீங்கள் சொன்னது சரி, நான் அதை விட்டுவிட்டேன். என் அப்பாவே மூட்டை மூட்டையாகச் சுமந்தவர். கடைசிப் பத்து வருடம் வயல் நண்டு காணாமல் போனது மனை வியாபாரத்தால் அல்ல.

உங்களைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. தாங்கலுக்குப் பட்டா கொடுத்த கையெழுத்து உங்களுடையது இல்லை. அந்த மாதிரி கையெழுத்துகள் விழும் மேஜைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அதிகம் பேசினால் எனக்கே சங்கடம். திநகர் போட்ட 1920களில் அந்த ஏரி போனாலும் சுற்றி வேறு ஏரிகள் இருந்தன. உங்கள் தாங்கல் கடைசி வரிசை. அதைத் தாண்டினால் கழுவெளி, அப்புறம் கடல். அதுதான் வித்தியாசம்.

---

ஹேமா (தண்ணீர் ஆய்வகம்)

கீதா அக்கா, நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தினமும் இப்படி மஞ்சள் பாட்டிலோடு யாராவது வருவார்கள்.

முதலில் அந்த மீட்டர் பேனாவைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்று மட்டும் அது சொல்லும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை ஒப்புக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் உங்கள் 1,180 பாஸ். ஆனால் மலக்கிருமி இருக்கிறதா என்று பேனாவுக்குத் தெரியாது. 200 காட்டும் தண்ணீரிலும் கிருமி இருக்கும்.

பிடிக்கும்போது தெளிவாக இருந்து பிறகு மஞ்சளாவது கரைந்த இரும்பு. நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு கரைந்து கிடக்கும், வாளிக்கு வந்து காற்று பட்டதும் துருவாகப் பிரியும். பிடிக்கும்போதே மஞ்சளாக இருந்தால் குழாய்த் துருவையோ மண்ணையோ சந்தேகப்படலாம், உங்களுடையது அப்படி இல்லை. கீழே ஆக்சிஜன் ஏன் தீர்ந்தது என்பதுதான் கேள்வி. சாக்கடையில் இருக்கும் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கும், அப்புறம் நைட்ரேட்டை, அப்புறம் மண்ணில் இருக்கும் இரும்பை, கடைசியில் சல்பேட்டை. சல்பேட்டுக்கு வந்துவிட்டால் அழுகிய முட்டை நாற்றம். மேலே ஐயா சொன்ன கழிவுத் தொட்டி சந்தேகத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் சதுப்பு மண்ணில் இயல்பாகவே இப்படி நடக்கலாம், அதனால் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா, இரும்பு, கடினத்தன்மை, ஈ.கோலை (மலக்கிருமி), இந்த ஆறையும் கேட்டு வாங்குங்கள். பலர் நைட்ரேட் மட்டும் பார்த்துவிட்டு 45க்குக் கீழே இருக்கிறது, சாக்கடை இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரேட்டையே நுண்ணுயிர் தின்றுவிடும். அங்கே அம்மோனியாதான் காட்டிக்கொடுக்கும், அதன் வரம்பு 0.5. கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து அன்றே கொடுங்கள். பெப்சி பாட்டிலில் மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்தால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். டி.டி.எஸ். குறையாது, கிருமி போகாது, இவ்வளவு இரும்பு இருந்தால் அந்தச் சாஃப்ட்னரே சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். குழந்தை இருக்கும் வீட்டில் நைட்ரேட் அதிகம் என்று வந்தால் கொதிக்க வைக்காதீர்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட நைட்ரேட் கூடத்தான் செய்யும்.

ஒரு விஷயம், மழைநீர் சேகரிப்பு. 2003 இலேயே கட்டாயமாக்கிவிட்டதால் உங்கள் கட்டடத்துக்கும் குழி போட்டிருப்பார்கள். அதில் எந்தத் தண்ணீர் விழுகிறது என்று திறந்து பாருங்கள். மொட்டை மாடித் தண்ணீர் வடிகட்டி வழியாகப் போனால் நல்லது. கார் நிறுத்துமிடத் தண்ணீரோ தெருத் தண்ணீரோ நேராகப் போருக்குள் விழுந்தால், கெடுதலை நாமே குழாய் போட்டு இறக்குகிறோம் என்று அர்த்தம்.

---

கீதா, மேடவாக்கம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஹேமா, நீ சொன்ன மாதிரியே ஐஸ் பெட்டியில் வைத்து ஷேர் ஆட்டோவில் போனேன். பக்கத்து சீட் அம்மா மீனா என்று கேட்டார்.

முடிவு: கடினத்தன்மை 540, குளோரைடு 330, இரும்பு 1.6, நைட்ரேட் 9, அம்மோனியா 2.1, ஈ.கோலை இருக்கிறது. நைட்ரேட் 9 என்றதும் செயலாளர் "பார்த்தீர்களா, நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். உன் பதிவை அச்செடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன்.

மழைநீர்க் குழியைத் திறந்தோம். கட்டடம் கட்டியவர் காட்டிய படத்தில் மாடித் தண்ணீர் மட்டும்தான். நிஜத்தில் சாய்தளத்தில் ஓடி வரும் தண்ணீரும் அதில்தான் விழுகிறது. மதிலுக்கு அந்தப் பக்கத் தரை உயர்ந்துவிட்டதால், மழை பெய்தால் அங்கே கழிவுத் தொட்டி பொங்கி எங்கள் சாய்தளத்தில் இறங்குகிறது. குழியிலிருந்து போருக்குப் பதினாறு அடிகூட இல்லை. மழைக்கு மறுநாள் வந்த வாடையின் விலாசம் அதுதான். இவ்வளவு வருடமாக அதன் மேல் கார் நிறுத்தியிருந்தோம்.

கூட்டத்தில் 350 அடி போர் தள்ளி வைக்கப்பட்டது (ரவி சார், உங்கள் அனுபவத்தைப் படித்துக் காட்டினேன், நன்றி). சாஃப்ட்னர் விழுந்தது. சாய்தளத் தண்ணீரைப் பிரித்து, மாடிக் குழாயை மட்டும் குழியில் விடும் வேலை தொடங்கிவிட்டது. பேவர் பிளாக்கில் நான் பாதிதான் ஜெயித்தேன். நடக்கும் பாதைக்கு மட்டும், சிமெண்ட் படுக்கை இல்லாமல். மிச்சத்தில் மண் அப்படியே இருக்கும், அதில் இரண்டு வேம்பு. பின்பக்க வீட்டுக்காரரோடு பேசப் போனபோது அவர் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "தொட்டி நிரம்பினால் லாரிக்குச் சொல்கிறோம், அவர்கள் மட்டும் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்றார்.

ஐயா, நீங்கள் சொன்ன வரைபடத்தையும் எடுத்தேன். வாய்க்கால் இருக்கிறது. பின்பக்க வயல் வழியாக வந்து, எங்கள் விருந்தினர் கார் நிறுத்துமிடத்துக்குக் குறுக்காகப் போய், முன்பக்கத் தெருவுக்கு அந்தப் பக்கம் முடிகிறது. பின்னால் இருப்பவர்களைக் குறை சொல்லி இங்கே எழுத வந்தவள் நான். பாலாஜி தம்பி, இதைப் படித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம் என்று செயலாளர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு வீடு விற்பனைக்கு இருக்கிறதாம், விலை இறங்கிவிடுமாம். நான் இன்னும் போடவில்லை. ஐயா, அந்தக் கோட்டின் அகலம் எவ்வளவு என்று புலப்படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்தில் சிறிதாக ஏதோ எண் இருக்கிறது, என் கண்ணுக்குத் தெரியவில்லை.